குண்டறைக்குப் பதில் இருக்கைகள்: டியு-16, டியு-104, டியு-114 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1956 செப்டம்பர் 15 அன்று மாஸ்கோவிலிருந்து ஓம்ஸ்க் வழியாக இர்குட்ஸ்க்குக்கு ஒரு ஜெட் விமானம் பயணிகளோடு கிளம்பியது. அதன் பெயர் டியு-104. அன்று தொடங்கி 1958 அக்டோபர் வரை, உலகில் அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் சென்ற ஜெட் விமான வகை அது ஒன்றுதான். பிரிட்டனின் காமெட் 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தபின் தரையிறக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் போயிங் 707 இன்னும் சோதனையில் இருந்தது. போரில் நொறுங்கிப்போன ஒரு நாடு, அதுவரை பயணிகள் விமானத்தில் பெரிதாகப் பெயர் வாங்காத ஒரு நாடு, எல்லோரையும் முந்திக்கொண்டது.

எப்படி முந்தியது என்பதற்கு விடை எளிது. புதிதாக ஒரு விமானத்தை வடிவமைக்காமல், ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த டியு-16 என்ற குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை, எஞ்சின், வால், சக்கரக் கால்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நடுவில் அகலமான பயணிகள் கூண்டைப் பொருத்தினார்கள். கரூரில் லாரி சேஸிஸ் மேல் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். அடிச்சட்டம் தயாராக இருக்கிறது, மேலே கட்டுவதுதான் பாக்கி.

இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது வேறொன்று. அடிச்சட்டத்தோடு சேர்ந்து என்னவெல்லாம் வந்தது? குண்டுவீச்சு விமானத்திடமிருந்து வேகத்தையும் காலச் சேமிப்பையும் பெற்றவர்கள், அதன் எந்தக் குணங்களைக் கேட்காமலே பெற்றார்கள்? ஒரே வடிவமைப்புக் கூடம், ஒரே பத்தாண்டு, ஒரே வழிமுறை. அதில் பிறந்த இரண்டு விமானங்களில் ஒன்றான டியு-104 மரணங்களால் பெயரெடுத்தது, மற்றொன்றான டியு-114 பதினைந்து ஆண்டுகள் ஏறக்குறைய களங்கமில்லாமல் பறந்தது. இந்த வேறுபாட்டுக்குள்தான் விஷயம் இருக்கிறது.

நகலெடுத்த பள்ளிக்கூடம்

கதை ஓர் அமெரிக்க விமானத்திலிருந்து ஆரம்பமாகிறது. 1944இல் ஜப்பான் மீதும் மஞ்சூரியா மீதும் குண்டு வீசப் போன பி-29 விமானங்களில் மூன்று, ஊருக்குத் திரும்ப முடியாமல் சோவியத் தூரக்கிழக்கில், விளாதிவஸ்தோக் பக்கம் இறங்கின. சோவியத் யூனியன் அப்போது ஜப்பானோடு போரில் இல்லை. விமானிகள் பிற்பாடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள், விமானங்கள் போகவில்லை. 1945இல் ஸ்டாலின் உத்தரவிட்டார்: இதை அப்படியே நகலெடுங்கள். பொறுப்பு அந்திரேய் துபோலெவுக்கு வந்தது. 1937இல் கைதாகி, சிறைக்குள்ளேயே இயங்கிய வடிவமைப்புக் கூடத்தில் கைதியாக இருந்தபடி விமானம் வரைந்து, 1941இல் விடுதலையானவர் அவர். அந்த உத்தரவில் சொந்த யோசனைக்கு இடமில்லை என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை ஆணி ஆணியாகப் பிரித்தார்கள். ஒன்றை ஓட்டிப் பழக வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதைத் தொடாமல் ஒப்பிட்டுப் பார்க்க நிறுத்தினார்கள். தலைவலி தகட்டிலேயே தொடங்கியது. அமெரிக்கர்கள் அங்குலக் கணக்கில் வேலை செய்பவர்கள். பதினாறில் ஒரு பங்கு அங்குலத் தகடு என்றால் 1.59 மில்லிமீட்டர் சொச்சம். மெட்ரிக் அளவில் உருட்டும் சோவியத் ஆலைகளில் அந்தத் தடிமனில் தகடே கிடையாது. கொஞ்சம் தடிமனாகப் போட்டால் எடை ஏறும், மெல்லியதாகப் போட்டால் வலு குறையும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, இங்கே ஏற்றி அங்கே குறைத்து, மொத்த எடையை அசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். மின்கருவிகள், ரேடார், பிளாஸ்டிக், அழுத்தம் காக்கும் ரப்பர் என்று நாடு முழுக்கப் பல ஆலைகள் இதுவரை செய்திராத பொருள்களைச் செய்யக் கற்றன. டியு-4 என்று பெயர் பெற்ற அந்த நகல் 1947 மே மாதம் பறந்தது. மொத்தம் 847 கட்டப்பட்டன.

நமக்கு முக்கியமானது அதன் பக்கவாட்டுக் கிளை. டியு-4 பறப்பதற்கும் ஆறு மாதம் முன்னால், 1946 நவம்பர் 27 அன்றே, டியு-70 என்ற பயணிகள் விமானம் பறந்துவிட்டது. பி-29களின் பாகங்களையே அதில் பயன்படுத்தினார்கள். இறக்கையும் எஞ்சினும் குண்டுவீச்சு விமானத்துடையவை. அழுத்தம் காக்கும் அகலமான உடல் மட்டும் புதிது. 1947 ஆகஸ்டில் மாஸ்கோவின் துஷினோ விமானக் காட்சியில் மூன்று டியு-4கள் பறந்தபோது, நம்மிடமிருந்து பிடித்துவைத்த அதே மூன்றுதானே என்று மேற்கத்தியப் பார்வையாளர்கள் நினைத்திருக்கலாம். பின்னாலேயே நான்காவதாக டியு-70 வந்ததும் அந்த நினைப்புக்கு இடமில்லாமல் போயிற்று.

டியு-70 உற்பத்திக்குப் போகவில்லை. அத்தனை பேர் விமானம் ஏறும் நிலையில் நாடும் அன்று இல்லை, ஆலைகளுக்கு வேறு அவசரம் இருந்தது. ஆனால் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வரையும்போதே அதன் பயணிகள் வடிவத்தையும் பக்கத்து மேசையில் வரைந்து வைக்கும் பழக்கம் துபோலெவ் கூடத்தில் அங்கேதான் வேரூன்றியது. இது சோவியத்துக்கே உரிய தந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. போயிங்கும் அதே பி-29இன் இறக்கையிலிருந்து ஸ்டிராட்டோக்ரூசர் என்ற பயணிகள் விமானத்தை எடுத்தது.

டியு-16இல் எது நல்லதாக இருந்தது

1952 ஏப்ரல் 27 அன்று பறந்த டியு-16 எந்த அமெரிக்க விமானத்தின் நகலும் அல்ல. துபோலெவ் கூடத்தில் திமித்ரி மார்கோவ் அதன் தலைமை வடிவமைப்பாளர். மிகுலினின் ஏ.எம்-3 ஜெட் எஞ்சின்கள் இரண்டே இரண்டு, ஒவ்வொன்றும் எட்டே முக்கால் டன் உந்துவிசை. அன்றைய உலகில் அவ்வளவு வலுவான ஜெட் எஞ்சின்கள் அரிது. அவற்றை இறக்கைக்குக் கீழே தொங்கவிடாமல், இறக்கை உடலோடு சேரும் வேரிடத்தில் புதைத்துவைத்தார்கள். 35 பாகை பின்சாய்ந்த இறக்கை. சக்கரக் கால்கள் உடலுக்குள் மடங்காமல் இறக்கையின் பின்விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் கூடுகளுக்குள் மடங்கின. இந்தக் கூடுகளைப் பின்னாளைய டியு-134, டியு-154 இரண்டிலும் பார்க்கலாம். விமான நிலையத்தில் தூரத்திலிருந்தே துபோலெவ் விமானத்தை அடையாளம் காண உதவுவது இந்தக் கூடுதான்.

ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் கட்டினார்கள். சீனா அதை எச்-6 என்ற பெயரில் இன்னும் வைத்திருக்கிறது, திருத்தித் திருத்திப் புதிதாகவும் கட்டியிருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வடிவம் பறக்கிறது என்றால் அதன் அடிப்படை சரியாக இருந்தது என்றே பொருள். டியு-16 நல்ல விமானம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிறகு நடந்தவற்றுக்கு மட்டமான விமானத்தைப் பயணிகளுக்குக் கொடுத்ததுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல விமானத்தைத்தான் கொடுத்தார்கள். அது வேறு வேலைக்கு நல்லதாக இருந்தது.

அந்த வேறு வேலை எது என்று பார்ப்போம். குண்டறை விமானத்தின் எடை மையத்தை ஒட்டியே இருக்கும். ஒன்பது டன் குண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், விழுந்தாலும் சமநிலை பெரிதாகக் கெடாது. விமானிகள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். விமானம் கட்டுப்பாட்டை இழந்தால் அத்தனை பேருக்கும் வெளியேற்ற இருக்கை உண்டு. விமானிகள் மேல்நோக்கியும் மற்றவர்கள் கீழ்நோக்கியும் வீசப்படுவார்கள். பெரிய இராணுவத் தளங்களில் நீளமான ஓடுதளங்கள் இருந்ததால் வேகமாக இறங்கினாலும் கவலையில்லை. எரிபொருள் செலவை யாரும் டிக்கெட் விலையில் ஏற்றிக் கணக்குப் பார்க்கவில்லை. இந்த ஒவ்வொரு வசதியும் பயணிகள் விமானத்தில் இல்லாமல் போகும்.

ஓராண்டில் ஒரு பயணிகள் ஜெட்

ஸ்டாலின் இறந்தபின் துபோலெவின் யோசனை எடுபட்டது. 1954இல் அரசு ஆணை வந்தது. 1955 ஜூன் 17 அன்று யூரி அலஷேயெவ் டியு-104ஐ முதன்முறையாக ஓட்டினார். தலைமை வடிவமைப்பாளர் அதே மார்கோவ்தான். டியு-16இல் உடலின் நடுவில் குத்தி நின்ற இறக்கை இங்கே உடலின் அடிக்கு இறங்கியது. உடலின் விட்டம் மூன்றரை மீட்டராக விரிந்தது. காமெட் விபத்துகளிலிருந்து பாடம் படித்திருந்தார்கள்: உடலை நீர்த்தொட்டியில் வைத்து மீண்டும் மீண்டும் அழுத்தமேற்றி, உலோகம் எங்கே சோர்ந்து விரிசல் விடும் என்று சோதித்தார்கள். காமெட்டைக் கொன்ற நோய் டியு-104க்கு வரவேயில்லை. அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும்.

மூக்கு மட்டும் குண்டுவீச்சு விமானத்தின் மூக்காகவே இருந்தது. கண்ணாடி வேய்ந்த அந்த முனையில், முன்பு குண்டு குறிபார்த்தவர் இருந்த இடத்தில், நேவிகேட்டர் உட்கார்ந்தார். சைபீரியாவில் தரைவழி ரேடியோ வழிகாட்டிகள் குறைவு என்பதால் அவர் கண்ணுக்கும் வேலை இருந்தது. உள்ளே பித்தளை விளக்கு, மரவேலைப்பாடு, பின்னல் திரை என்று ஒரு பழைய ரயில் பெட்டியின் அலங்காரம்.

1956 மார்ச் 22 அன்று அது லண்டன் ஹீத்ரோவில் இறங்கியது. சோவியத் தலைவர்கள் குருஷ்சேவ், புல்கானின் இருவரின் பிரிட்டன் பயணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்க்க கே.ஜி.பி. தலைவர் இவான் செரோவ் அதில் வந்தார். தங்கள் காமெட் தரையில் கிடக்கும்போது மாஸ்கோவிலிருந்து ஒரு ஜெட் வந்து இறங்கியதைக் கண்ட பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தி. ஆனால் குருஷ்சேவ் ஏப்ரலில் அந்த விமானத்தில் வரவில்லை. ஓர்ஜொனிகித்ஸெ என்ற போர்க்கப்பலில் வந்தார். சேவைக்கு வராத, முழுதாகச் சோதித்து முடிக்காத விமானத்தில் நாட்டுத் தலைவரை ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதே நிதானம் பயணிகள் விஷயத்தில் எவ்வளவு நாள் நீடித்தது என்பதுதான் கேள்வி.

செப்டம்பரில் சேவை தொடங்கியது. பிஸ்டன் எஞ்சின் இல்-14 எடுத்த நேரம் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. ஐம்பது இருக்கை எழுபதானது, பிறகு உடலை நீட்டி நூறாக்கினார்கள். செக்கோஸ்லோவாக்கியாவும் 1957இல் வாங்கியது. சோவியத் அரசு விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் விமானிகளுக்கு ஜெட் பழக்கம் வர, ஆயுதம் கழற்றிய இல்-28, டியு-16 விமானங்களைக் கொடுத்து அஞ்சல் மூட்டைகளை ஏற்றி ஓட்டச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு.

தரையில்தான் முதல் சிரமம் தெரிந்தது. வேகமாக இறங்கும் விமானம், எஞ்சினில் எதிர்விசை கிடையாது. ஓடுதளம் போதாதபோது வாலிலிருந்து இரண்டு பிரேக் பாராசூட்டுகளை விரித்து நிறுத்தினார்கள். பயணிகள் விமானத்தில் பாராசூட் விரித்து நிற்பது குண்டுவீச்சுத் தளத்தின் பழக்கம் அப்படியே வந்து சேர்ந்ததுதான். இதற்காகவே பல நகரங்களில் கான்கிரீட் ஓடுதளங்கள் நீண்டன. சோவியத் விமான நிலையங்களின் நவீன முகம் டியு-104இன் தேவையால் உருவானது என்று சொன்னால் மிகையில்லை.

1958: இரண்டு விபத்துகள்

வானில் இருந்த சிரமம் வெளிப்பட இரண்டு ஆண்டுகள் ஆயின.

1958 ஆகஸ்ட் 15 அன்று கபரோவ்ஸ்க்கிலிருந்து இர்குட்ஸ்க் நோக்கிக் கிளம்பிய டியு-104ஏ ஒன்று இடிமேகத்துக்கு மேலே போக முயன்று, பன்னிரண்டாயிரம் மீட்டரை எட்டி, அங்கிருந்து விழுந்தது. 64 பேர் இறந்தார்கள். அத்தனை உயரத்தில் மேல்நோக்கி வீசும் காற்று ஒரு 70 டன் விமானத்தைக் கவிழ்க்கும் என்று அன்று பலரும் நம்பவில்லை. விசாரணை முழுத் தெளிவுக்கு வருமுன் இரண்டு மாதம் கடந்தது.

1958 அக்டோபர் 17. பெய்ஜிங்கிலிருந்து மாஸ்கோ வந்துகொண்டிருந்த டியு-104ஏ. விமானி ஹெரால்ட் குஸ்னெத்சொவ், அனுபவசாலி. பயணிகளில் பல நாட்டுத் தூதுக்குழுவினர் இருந்தார்கள். சீன எழுத்தாளரும் கலாச்சாரத் துணை அமைச்சருமான ஜெங் ஜென்துவோ அவர்களில் ஒருவர். மாஸ்கோவில் பனிமூட்டம், இறங்க இடமில்லை. மாற்று நிலையமான கோர்க்கியிலும் வானிலை கெட்டது. திரும்பி ஸ்வெர்த்லோவ்ஸ்க் போகச் சொன்னார்கள். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், சுவாஷியாவின் கனாஷ் பக்கம், கீழிருந்து ஒரு காற்றோட்டம் விமானத்தை அள்ளி மேலே எறிந்தது. மூக்கு நிமிர்ந்தது. குஸ்னெத்சொவ் கட்டுப்பாட்டுக் கம்பத்தை முன்னால் கடைசிவரை தள்ளினார். மூக்கு இறங்கவில்லை. வேகம் செத்து, விமானம் சரிந்து சுழன்று விழத் தொடங்கியது.

விழுந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர் வானொலியில் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார். விமானம் எப்படித் தூக்கப்பட்டது, கம்பம் எந்த நிலையில் இருந்தது, விமானம் எதற்கு மசிந்தது, எதற்கு மசியவில்லை. கடைசியில் விடைபெற்றார். 80 பேரும் இறந்தார்கள்.

ஆகஸ்டில் கிடைக்காத சாட்சியம் அக்டோபரில் கிடைத்தது. வாலில் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற தகட்டை முழுக்கக் கீழே அழுத்தியும் மூக்கு இறங்கவில்லை என்ற ஒரே தகவல் விசாரணையின் திசையையே மாற்றியது. அதுவரை இதை வானிலை, விமானி, விதி என்று பேசலாம். இதற்குப் பிறகு வடிவமைப்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நடந்ததன் இயக்கவியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது என்ற குறைந்த வேகம் ஒன்று உண்டு. இதற்கு மேல் போனால் அதிர்வும் கட்டுப்பாட்டுச் சிக்கலும் வரும் என்ற உச்ச வேகமும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கும். பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் மீட்டரில் டியு-104 பறந்த இடைவெளி மிகக் குறுகலானது. அங்கே மேல்நோக்கிய காற்று அடித்தால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சட்டென்று கூடும். பின்சாய்ந்த இறக்கையில் நுனிப்பகுதி முதலில் தாங்குதிறனை இழக்கும். நுனி பின்னால் இருப்பதால், அங்கே தூக்குவிசை போனதும் மிச்சமிருக்கும் தூக்குவிசையின் மையம் முன்னால் நகரும். மூக்கு தானாகவே இன்னும் நிமிரும். நிமிர்ந்தால் கோணம் மேலும் கூடும். இந்தச் சங்கிலியை அறுக்க விமானியின் கையில் இருப்பது எலிவேட்டர் ஒன்றுதான். டியு-104இல் அது கீழே இறங்கும் அளவு அதற்குப் போதவில்லை.

இதே இறக்கைதானே டியு-16இலும் இருந்தது? இருந்தது. ஆனால் அதன் சுமை எடை மையத்தை ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. இங்கேயோ பயணிகளும் பெட்டிகளும் நீண்ட உடல் முழுக்கப் பரவியிருந்தார்கள், எடை மையம் பின்னால் நகர இடம் கூடுதல். இராணுவ விமானி இடிமேகத்தைச் சுற்றிப் போகலாம், பயிற்சியைத் தள்ளிப்போடலாம். அட்டவணைப்படி பறக்கும் விமானம் ஆண்டு முழுக்க எல்லா வானிலையையும் சந்திக்கும். டியு-16க்குள் இந்தக் குணம் இருந்தாலும் அது வெளிப்பட வாய்ப்பு குறைவு. வெளிப்பட்டாலும் வெளியேற்ற இருக்கை உண்டு. குண்டுவீச்சு விமானிக்கு ஏற்கத்தக்க அபாயமாக இருந்ததை, அவனைக் கேட்டு ஏற்றுக்கொள்ளச் செய்ததை, கேட்காமலே எண்பது பேர் தலையில் வைத்தார்கள். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இதுதான்.

விபத்துக்குப் பின் கிடைவாலின் பொருத்துகோணம் மாற்றப்பட்டது. எலிவேட்டர் அசையும் எல்லை கூட்டப்பட்டது. எடை மையத்துக்கும் பறக்கும் உயரத்துக்கும் கடுமையான வரம்பு வந்தது. இவற்றில் எதுவும் பெரிய கண்டுபிடிப்பல்ல. 1955இலேயே உயரத்தில் தாங்குதிறன் இழக்கும் நிலைவரை கொண்டுபோய்ச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கக் கூடியவை. ஓராண்டில் கட்டி, அடுத்த ஆண்டில் பயணிகளை ஏற்றும் அவசரத்தில் அந்தச் சோதனை சுருங்கியது. அடிச்சட்டம் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது என்ற நம்பிக்கையும் அந்தச் சுருக்கத்துக்குத் துணை போனது. தயாராக இருக்கும் அடித்தளத்தில் கட்டும் எந்தத் துறைக்கும் இந்த நம்பிக்கை ஆபத்தானது.

டியு-104 அதற்குப் பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பறந்தது. 1979 மார்ச்சில் மாஸ்கோவின் வ்னூகொவோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு ஏரோஃப்ளோட் அதைக் கைவிட்டது. இராணுவம் வைத்திருந்தவற்றில் ஒன்று 1981 பிப்ரவரி 7 அன்று லெனின்கிராட் பக்கத்துப் புஷ்கின் தளத்தில் மேலெழுந்த சில நொடிகளில் மூக்கு நிமிர்ந்து, சரிந்து விழுந்தது. பசிபிக் கடற்படைத் தளபதி உட்பட அந்தக் கடற்படையின் உயரதிகாரிகள் ஏராளமானோர் அதில் இறந்தார்கள். தாறுமாறாக ஏற்றிய சரக்கால் எடை மையம் பின்னுக்குப் போனதே காரணம் என்று விசாரணை சொன்னது. இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு, வேறொரு உயரத்தில், அதே பலவீனம்.

அதே கூடம், வேறு கதை: டியு-95உம் டியு-114உம்

கண்டம் தாண்டிக் குண்டு போட ஒரு விமானம் வேண்டும் என்று ஸ்டாலின் கேட்டபோது, ஏ.எம்-3 ஜெட்டை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது என்று துபோலெவ் நின்றார். அந்தப் பொறுப்பை மியாசிஷ்செவ் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் ஏற்று எம்-4ஐக் கட்டினார். அதற்குக் கேட்ட தூரம் கிடைக்கவில்லை. துபோலெவ் தன் டியு-95க்கு, டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப்பைத் தேர்ந்தெடுத்தார். 1946 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொறியாளர்கள் குய்பிஷெவில், ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் போன்றவர்கள் முன்னின்று, நிகோலாய் குஸ்னெத்சொவின் தலைமையில் உருவாக்கியது என்.கே-12 எஞ்சின். இறுதியில் ஒவ்வொன்றும் பதினைந்தாயிரம் குதிரைத்திறன். அந்தத் திறனை ஒரே புரொப்பெல்லர் வாங்கிக்கொள்ள முடியாது. எனவே ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு இதழ், 5.6 மீட்டர் விட்டம்.

விலை இங்கேயும் கொடுத்தார்கள், ஆனால் சோதனைக் கட்டத்தில். டியு-95இன் முதல் மாதிரி 1952 நவம்பர் 12 அன்று பறந்தது. 1953 மே 11 அன்று எஞ்சினின் கியர்பெட்டி உடைந்து தீப்பிடித்து விழுந்தது. சோதனை விமானி அலெக்ஸேய் பெரெல்யோத் இறந்தார். எஞ்சினையே மாற்றி, இரண்டாவது மாதிரியை 1955 பிப்ரவரியில்தான் பறக்கவிட்டார்கள். இரண்டு ஆண்டு தாமதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அதிலிருந்து பிறந்த டியு-114 1957 நவம்பர் 15 அன்று பறந்தது. இறக்கை, எஞ்சின், வால் டியு-95உடையவை. 4.2 மீட்டர் அகல உடல் புதிது. 170 பேர், நெருக்கினால் 220 பேர். சமையலறை கீழ்த்தளத்தில் இருந்தது. சாப்பாடு சிறிய லிஃப்டில் மேலே வந்தது. மணிக்கு 870 கிலோமீட்டரைத் தாண்டிச் சாதனை படைத்த புரொப்பெல்லர் பயணிகள் விமானம் அது.

இங்கேயும் குண்டுவீச்சு விமானத்தின் குணங்கள் கூடவே வந்தன. புரொப்பெல்லர் தரையில் இடிக்கக் கூடாது, இறக்கையோ உடலின் அடியில் இருக்கிறது, அதனால் விமானம் மிக உயரமான கால்களில் நின்றது. 1959 செப்டம்பர் 15 அன்று குருஷ்சேவ் இதில் நேராக வாஷிங்டன் பக்கத்து ஆண்ட்ரூஸ் தளத்துக்குப் போய் இறங்கியபோது, அமெரிக்கர்களிடம் இருந்த படிக்கட்டு கதவை எட்டவில்லை. விமானத்தின் மேல் வடிவமைப்பாளருக்கு இருந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக, துபோலெவின் மகன் அலெக்ஸேயும் அதே விமானத்தில் போனார். இரைச்சலும் அதிர்வும் பயணிகளுக்குத் தொல்லைதான். இதழ் முனைகள் ஒலியின் வேகத்தை நெருங்கிச் சுழல்கையில் அதை யாராலும் அமைதிப்படுத்த முடியாது.

ஆனால் உயிருக்கு ஆபத்தான குணம் எதுவும் வரவில்லை. 1961 ஏப்ரலில் மாஸ்கோ–கபரோவ்ஸ்க் சேவையில் தொடங்கி, தில்லி, ஹவானா, 1967 முதல் ஜப்பான் ஏர்லைன்ஸோடு சேர்ந்து டோக்கியோ என்று பறந்தது. முப்பத்துச் சொச்சம் விமானங்கள் மட்டுமே கட்டப்பட்டன. பயணிகள் உயிரிழந்த விபத்து ஒன்றே ஒன்று, 1966 பிப்ரவரியில், ஷெரெமெத்யெவோவில், ஓடுதளத்தில் அகற்றப்படாத பனிக்குவியலில் மோதியதால். பறக்கும்போது ஒன்றுமில்லை.

ஏன் இந்த வேறுபாடு? டியு-95ஐக் கட்டியது மிக நீண்ட நேரம், சீராக, சிக்கனமாகப் பறப்பதற்கு. மாஸ்கோவிலிருந்து கபரோவ்ஸ்க் போகும் பயணிகள் விமானத்துக்கும் தேவை அதுவேதான். வேலை மாறியும் வேலையின் தன்மை மாறவில்லை. டியு-16ஐக் கட்டியது உயரமாக, வேகமாக, தன் எல்லையை ஒட்டிப் போய்வருவதற்கு. அந்த எல்லையில் தினசரி மக்களை ஏற்றிச் செல்வது முற்றிலும் வேறு வேலை. இதோடு டியு-95 தன் கோளாறுகளைச் சோதனைக் கட்டத்திலேயே காட்டித் திருத்திக்கொண்ட ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இராணுவப் பிறப்பு மட்டுமே ஒரு விமானத்தைக் கெடுப்பதில்லை என்பதற்கு டியு-114ஐவிட நல்ல சாட்சி இல்லை.

ஓட்டம் திரும்பிய விதம்

அறுபதுகளிலிருந்து துபோலெவ் கூடம் பயணிகள் விமானத்தைப் பயணிகளுக்காகவே வரையத் தொடங்கியது. டியு-104ஐச் சுருக்கி டியு-124 ஆக்கினார்கள். பிரான்சில் கரவெல் விமானத்தின் அமைதியான கூண்டைக் கண்டு குருஷ்சேவ் வியந்தபின், டியு-124இன் எஞ்சின்களை வாலுக்கு நகர்த்தி டியு-134 உருவானது. டியு-154க்கு எந்தக் குண்டுவீச்சு விமானமும் மூதாதை இல்லை. மறுதிசையில், டியு-114இன் அகலமான உடலில் ரேடார் ஏற்றி டியு-126 என்ற வான்கண்காணிப்பு விமானத்தைச் செய்தார்கள். டியு-134 குண்டுவீச்சு விமானிகளுக்குப் பயிற்சி விமானமானது. டியு-144 என்ற மீயொலிப் பயணிகள் விமானம், 1968 டிசம்பர் 31 அன்று கான்கார்டை முந்திப் பறந்தது, ஆனால் 55 பயணிகள் பறப்புகளோடு 1978இல் சேவையை முடித்துக்கொண்டது. 1996இல் நாசாவோடு சேர்ந்து ஆராய்ச்சிக்காக அதை மீண்டும் பறக்கவிட்டபோது, டியு-160 குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின் வகையைத்தான் அதில் பொருத்தினார்கள்.

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டு இருந்தது. டியு-95இலிருந்து நீர்மூழ்கி வேட்டைக்காக உருவான டியு-142 விமானங்கள் எட்டை இந்தியக் கடற்படை 1988இல் வாங்கியது. முதலில் கோவாவில் இருந்தவை 1992இல் அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளித் தளத்துக்கு வந்தன. குய்பிஷெவில் பிறந்த அதே என்.கே-12 எஞ்சின்களின் இரைச்சலை அரக்கோணம் வட்டாரம் 2017 மார்ச் 29 வரை கேட்டது. அவற்றில் ஒன்றை இப்போது விசாகப்பட்டினம் கடற்கரை அருங்காட்சியகத்தில் உள்ளே ஏறிப் பார்க்கலாம். எதிர்ச்சுழல் புரொப்பெல்லர்களின் பக்கத்தில் போய் நின்றால், டியு-114க்கு ஏன் அத்தனை உயரக் கால்கள் தேவைப்பட்டன என்பதற்குப் படமோ விளக்கமோ வேண்டாம்.

ராஜாளியில் அவற்றின் இடத்துக்கு வந்தது பி-8ஐ. அது போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலில், குண்டறையும் ரேடாரும் சேர்த்துக் கட்டப்பட்டது. பல்லாயிரம் மணி நேரம் பயணிகளை ஏற்றிப் பறந்து எல்லைகள் தெரிந்துவிட்ட விமானத்தை எடுத்து, அதன்பின் இராணுவ வேலைக்குத் திருத்தியிருக்கிறார்கள். 1955இல் மாஸ்கோவில் நடந்தது இதற்கு நேர் எதிர்த்திசை.